என்ர காணிக்கு என்ர கையெழுத்துக் காணாதோ? நீதி அமைச்சருக்கும் வடக்குப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நீதி அமைச்சர் அவர்களுக்கும், வடக்கில இருந்து எங்கட வோட்டோட பாராளுமன்றம் போன உறுப்பினர்களுக்கும்,

நேரா விசயத்துக்கு வாறன். வடக்குத் தமிழரின்ர வழக்கச் சட்டமான தேசவழமைக்குக் கீழ வாற, கலியாணம் கட்டின பொம்பிளை ஒருத்தி, தாய் தேப்பன் தனக்கெண்டு சீதனமா எழுதித் தந்த காணியை விக்கவோ, ஈடு வைக்கவோ, பெத்த பிள்ளைக்கு நன்கொடையா எழுதிக் குடுக்கவோ வேணுமெண்டால் மனுசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். 1911 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைகள் கட்டளைச் சட்டம், 6 ஆம் பிரிவு. அதுக்கு அடுத்த பிரிவைப் பாத்தால் மனுசனுக்கு அப்பிடி ஒரு கட்டுப்பாடும் இல்லை, தன்ர முதுசக் காணியை மனிசிக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலே விக்கலாம். நூறு வருசம் தாண்டீட்டுது, இந்த ரெண்டு பிரிவும் இன்னும் அப்பிடியே கிடக்குது.

இதை இப்ப ஏன் எழுதுறன் எண்டால், எங்கட பக்கத்தில ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் வைச்சவை. நானும் போய் எழும்பி நிண்டு இந்தக் கேள்வியைக் கேட்டன். மேசைக்கு அங்கால இருந்த அதிகாரி சிரிச்சுக்கொண்டே சொன்னார், "அம்மா, இது உங்கட சமூகத்தின்ர தனியார் சட்டம், அரசாங்கம் அதில கை வைக்காது, சமூகத்துக்குள்ள இருந்து கோரிக்கை வரட்டும்" எண்டு. அண்டைக்கு வந்திருந்த எங்கட அரசியல்வாதி ஒருத்தரும் தலையை ஆட்டி, "தேசவழமை எங்கட அடையாளம், அதைத் தொட ஏலாது" எண்டார். ரெண்டு பேரும் சொன்னதைக் கேட்டுப்போட்டு இருக்கிற ஆள் நான் இல்லை. சமூகத்துக்குள்ள இருந்து கோரிக்கை வரட்டும் எண்டால், இந்தா வருது, வாசியுங்கோ.

என்ர கதை பெரிய கதையில்லை, இஞ்ச கனபேருக்கு உள்ளதுதான். வடமராட்சியில எங்களுக்கு நாலு பரப்புக் காணி. அம்மம்மாவுக்குச் சீதனமா வந்தது, அவ அம்மாவுக்குக் குடுத்தவ, அம்மா எனக்கு எழுதினவ. உறுதியில நாலு பக்க எல்லையும் எழுதி, "இதற்குள்ளடங்கிய நிலம், வீடு, பனை, தென்னை, கிணறு, வழி வாய்க்கால் உரித்தும் முழுவதும்" எண்டு நீட்டி எழுதியிருக்கு. மூண்டு தலைமுறையாப் பொம்பிளையளின்ர கையில இருந்து பொம்பிளையளின்ர கைக்கு வந்த காணி. அதில ஒரு பனை மரம்கூட என்ர மனுசனோ மாமனாரோ நட்டதில்லை.

மனுசன் வெளிநாடு போனவர். முதல் காசு வந்தது, பிறகு ஃபோன் மட்டும் வந்தது, பேந்து அதுவும் நிண்டு போச்சு. நான் மிளகாய்த்தூள், அரிசிமா இடிச்சு வித்துத்தான் பிள்ளையளைப் படிப்பிச்சனான். வியாபாரம் கொஞ்சம் பிடிச்ச உடனை சொந்தமா ஒரு மில் போடுவம் எண்டு லோன் கேட்டுப் போனன். கணக்கெல்லாம் சரி, காணியும் காணும் எண்டவை. ஈட்டு உறுதி எழுதுற கட்டம் வர, நொத்தாரிஸ் உறுதியைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, "வீட்டுக்காரர் எங்கை? அவற்ர கையெழுத்து இல்லாமல் நான் எழுதேலாது" எண்டார். அவரைக் குறை சொல்லேல்லை, சட்டம் அப்பிடி, எழுதினால் அந்த ஈடு செல்லாது, நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேணும்.

சொந்தக்காரர் மூலமா மனுசனுக்குச் செய்தி அனுப்பினம். பதில் வந்தது. தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்து வைச்சு அனுப்பலாமாம், ஆனால் காணியில பாதியைத் தன்ர பேருக்கு மாத்தி எழுத வேணுமாம். பிள்ளையளுக்கு ஒரு பென்சில் வாங்கிக் குடுக்காத மனுசனுக்கு, என்ர அம்மம்மாவின்ர காணியில பேரம் பேசுற பலத்தை ஆர் குடுத்தது எண்டால், நீங்கள் குடுத்தது. அதாவது உங்கட சட்டப்புத்தகம் குடுத்தது.

"அதுக்குத்தானே நீதிமன்றம் இருக்கு" எண்டு சொல்லுவியள் எண்டு தெரியும். ஓம், இருக்கு. மனுசன் கைவிட்டுட்டுப் போனாலோ, ரெண்டு பேரும் ஒத்துப் பிரிஞ்சிருந்தாலோ, ரெண்டு வருசத்துக்கு மேல மறியலில இருந்தாலோ, சித்தசுவாதீனம் இல்லாட்டிலோ, எங்கை இருக்கிறார் எண்டு தெரியாட்டிலோ, நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்தைக் கோட்ஸிட்ட வாங்கலாம் எண்டு அதே சட்டத்தில ஒரு பிரிவு இருக்கு. அந்தக் கதவு எப்பிடி இருக்கு எண்டு போய்த் தட்டிப் பாத்தவைக்குத்தான் தெரியும்.

எங்கட சனத்துக்குக் கோட்ஸ் எண்டால் எல்லாம் ஒண்டுதான், நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான். களவு, அடிபிடி, தாபரிப்புக் காசு எண்டால் நீதவான் நீதிமன்றம். காணி, விவாகரத்து, மரணசாசனம் எண்டால் மாவட்ட நீதிமன்றம். கொலை மாதிரிப் பெரிய குற்றமெண்டால் மேல் நீதிமன்றம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புப் பிழையெண்டால் முதல் எல்லாம் கொழும்பில இருக்கிற மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் ஓட வேணும், 2006 இல சட்டம் கொண்டுவந்து குடியியல் மேன்முறையீட்டுக்கெண்டு மாகாணங்களில மேல் நீதிமன்றம் வைச்சதால இப்ப அந்தப் படியை யாழ்ப்பாணத்திலயே ஏறலாம், அது உண்மையில நல்ல வேலை, மறுக்கேல்லை. அதுக்கும் மேல போறதெண்டால் அனுமதி கேட்டுக்கொண்டு கொழும்பு புதுக்கடையில இருக்கிற உயர் நீதிமன்றத்துக்குப் போக வேணும். இஞ்ச தமிழில நடந்த வழக்கின்ர பைல் முழுக்க அங்க போறதுக்கு மொழிபெயர்க்க வேணும், ஒவ்வொரு தாளுக்கும் காசு.

நான் ஏறினது கீழ்ப்படிதான். அந்த ஒரு படியே போதும் எண்டாச்சு. சத்தியக்கடதாசி முடிச்சு மனுப் போட்டாச்சு. மனுசனுக்கு அறிவித்தல் போக வேணும், சரியான விலாசம் இல்லை, அறிவித்தல் திரும்பி வந்தது, பேப்பரில விளம்பரம் போடச் சொன்னவை, போட்டம், தவணை, பிறகும் தவணை, இடையில நீதிபதி இடமாற்றத்தில போட்டார், புதுசா வந்தவ பைலை முதலில இருந்து வாசிக்க வேணும் எண்டா, நியாயம்தானே. இதுக்கிடையில வங்கி தந்த லோன் கடிதம் காலாவதி. எல்லாத்தையும் விட எனக்கு வலிச்சது வேறை. நிறைஞ்ச கோட்ஸில, ஊர்ச்சனம் தங்கட வழக்குக்குக் காத்துக்கொண்டிருக்கிற வாங்குக்கு முன்னால நிண்டு, "மனுசன் ஏன் என்னை விட்டுட்டுப் போனவர்" எண்டு நான் விளக்கம் சொல்ல வேணும். கேட்டது ஒரு மில்லுக்கு லோன். சொல்ல வேண்டி வந்தது குடும்பக்கதை முழுக்க.

என்ர நிலைமை பரவாயில்லை எண்டு சொல்ல வைக்கிற ஆக்களும் இருக்கினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவின்ர மனுசன் 2009 மே மாதம் வட்டுவாகலில ஆமியிட்டச் சரணடைஞ்சவர், அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. 2017 இல இருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு றோட்டோரக் கொட்டிலில காணாமற்போன தங்கட ஆக்களின்ர படத்தை வைச்சுக்கொண்டு போராடின தாய்மாரோட அவவும் இருந்தவ. அவவின்ர மகளுக்குக் கலியாணம் பேசிச் சரிவந்தது, சீதனமா ரெண்டு பரப்புக் காணியை எழுதிக் குடுக்க வேணும், காணி அவவின்ர சொந்தக் காணி. எழுதேலாது, மனுசன்ர சம்மதம் வேணும். கந்தோரில இருந்த ஒருத்தர் மெதுவாச் சொன்னாராம், "மரணச் சான்றிதழ் எடுத்தீங்கள் எண்டால் லேசா முடிஞ்சிடும்" எண்டு. அவர் உயிரோட இருக்கிறாரா இல்லையா எண்டு சொல்லுங்கோ எண்டுதானே அவ இவ்வளவு காலமும் அரசாங்கத்திட்டக் கேக்கிறா. அவற்ர சாவைத் தானே கையெழுத்து வைச்சு ஒத்துக்கொண்டால்தான் தன்ர காணியில தனக்கு அதிகாரம் வரும் எண்டு சொல்லுறது என்ன நீதி? 2016 இல காணாமற்போனமைக்கான சான்றிதழ் எண்டு ஒண்டு கொண்டுவந்தனீங்கள், அதே வருசம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் சட்டம் போட்டனீங்கள். அதெல்லாம் செய்த நேரம், இந்த 6 ஆம் பிரிவை ஒருக்கா எடுத்துப் பாத்திருக்கலாம். ஆரும் பாக்கேல்லை.

"அடையாளம்" எண்ட கதைக்கு இப்ப வாறன், ஏனெண்டால் எங்கட உறுப்பினர்கள் உடனை தூக்கிப் பிடிக்கிற குடை அதுதான்.

இந்த நாட்டின்ர சட்டம் ஒரு இடத்தில இருந்து வந்ததில்லை. மேல 1978 அரசியலமைப்பு, அதுக்குக் கீழ பாராளுமன்றம் போடுற சட்டங்கள், உயர் நீதிமன்றத் தீர்ப்புகள். இதொண்டிலயும் விடை இல்லாத இடத்தில ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன ரோமன் டச்சுச் சட்டம், 1799 இல வெள்ளைக்காரன் பிரகடனம் போட்டு அதைத் தொடர விட்டவன். வங்கி, காப்புறுதி மாதிரி விசயங்களுக்கு 1866 இல இருந்து இங்கிலாந்துச் சட்டம். அதுக்குப் பக்கத்தில சமூகத்துக்குச் சமூகம் வேற வேற சட்டம், கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம் சனத்துக்கு முஸ்லிம் சட்டம், வடமாகாணத்தை நிரந்தர இடமாக் கொண்ட தமிழருக்குத் தேசவழமை. இவ்வளவுக்கும் நடுவில நான் எங்க நிக்கிறன் எண்டதை என்ர பிறப்பும் கலியாணமும்தான் தீர்மானிக்குது.

தேசவழமை எங்கட மண்ணில முளைச்சதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அது எழுத்தில வந்தது 1707 இல, ஒல்லாந்து ஆளுநர் சைமன்ஸ் கேட்டதுக்கு யாழ்ப்பாணத்தில கனகாலம் இருந்த திசாவை எண்ட ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிக் குடுத்தவர், பேந்து தமிழுக்கு மாத்தி உள்ளூர்த் தலைவர்மாரான பன்னிரண்டு முதலிமாரிட்டக் காட்டிச் சரி வாங்கினவை. அந்தப் பன்னிரண்டு பேரில ஒரு பொம்பிளை இல்லை. 1806 இல பிரித்தானியர் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி போட்டு அதைச் சட்டமா ஏத்துக்கொண்டவை. சரி, அது பழசு. ஆனால் என்னைக் கட்டிப்போட்டிருக்கிற இந்த எழுத்துமூலச் சம்மதம் எண்ட வசனம் எங்க இருக்கு? 1911 கட்டளைச் சட்டத்தில. அதைப் போட்டது வெள்ளைக்காரன்ர சட்டசபை. இந்த நாட்டில பொம்பிளையளுக்கு வோட்டு வந்ததே 1931 இல. வோட்டில்லாத காலத்தில குடியேற்ற ஆட்சிக்காரன் இங்கிலீசில எழுதின ஒரு வரியை எங்கட அடையாளம் எண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியளே, அம்மம்மாவின்ர காணி அம்மாவுக்கும் அம்மாவின்ர காணி மகளுக்கும் வாற அந்தச் சீதன வழக்கம் அடையாளமாத் தெரியேல்லையோ? தேசவழமையில எனக்குப் பெருமையான பகுதி அதுதான். அந்தப் பகுதியையே இந்த 6 ஆம் பிரிவு உள்ளுக்கால அரிக்குது.

தொட ஏலாது எண்டுறதும் பொய். 1947 இல தொட்டவை. தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து, எண்டால் என்ன எண்டதையே அந்த வருசம் திருத்தி எழுதினவை, காணி விக்க முதல் பங்காளிக்குக் கேக்கிற முன்கொள்வனவு உரிமைக்குத் தனியா ஒரு கட்டளைச் சட்டம் போட்டவை. சொத்துக் கணக்கில குழப்பம் வந்த உடனை மாத்தத் தெரிஞ்சவைக்கு, பொம்பிளையின்ர கையெழுத்து எண்டு வரேக்கை மட்டும் பாரம்பரியம் ஞாபகம் வருது.

உள்ளுக்குப் போய்ப் பாத்தால் இந்தச் சட்டத்தின்ர கோணல் இன்னும் விளங்கும். அசையும் சொத்துக்குச் சம்மதம் வேண்டாம், அதாவது தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடகு வைக்க நான் ஆரையும் கேக்கத் தேவையில்லை, காணிக்கு மட்டும் கேக்க வேணும். மரணசாசனம் எழுதுறதெண்டால் அதுக்கும் சம்மதம் வேண்டாம், காணியை ஆருக்கும் எழுதி வைக்கலாம். ஆக நான் செத்தாப் பிறகு என்ர காணி என்ர சொல்லைக் கேக்கும், உயிரோட இருக்கும் வரைக்கும் கேக்காது.

அதே நேரம் காலியில இருக்கிற ஒரு சிங்களப் பொம்பிளையைப் பாருங்கோ, 1923 ஆம் ஆண்டு திருமணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் அவவுக்குத் தன்ர காணியில முழு அதிகாரம் குடுத்திட்டுது. அந்தச் சட்டத்தில தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் விலக்கு எண்டு எழுதி எங்களை வெளியில விட்டவை. மட்டக்களப்புத் தமிழ்ப் பொம்பிளையும் பொதுச் சட்டத்துக்குக் கீழதான் வாறா, அவவின்ர காணிக்கு அவவின்ர கையெழுத்துப் போதும். நானும் தமிழ், அவவும் தமிழ். இதில பெரிய பகிடி, நான் ஒரு மட்டக்களப்பு ஆளையோ காலி ஆளையோ கட்டியிருந்தால் அந்தக் கலியாணம் இருக்கும் வரைக்கும் தேசவழமை எனக்குப் பொருந்தாது, ஆனால் காலிப் பொம்பிளை ஒருத்தி யாழ்ப்பாணத்து ஆம்பிளையைக் கட்டினால் அவ இதுக்குள்ள வந்திடுவா. 1911 சட்டத்தின்ர 3 ஆம் பிரிவு. பொம்பிளைக்கு எந்தச் சட்டம் எண்டதைப் புருசன்ர ஊர் முடிவு செய்யுது.

தேடியதேட்டத்தைப் பற்றி ஒரு சொல். கலியாணத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் உழைச்சுத் தேடினதில ரெண்டு பேருக்கும் சமபங்கு எண்டுதான் சொல்லுறது. ஆனால் அதை நிருவகிக்கிறது மனுசன், விக்கிறதும் ஈடு வைக்கிறதும் அவர் கையில எண்டு நீதிமன்றங்கள் காலகாலமாச் சொல்லி வருது. நான் விடியக்காலமை எழும்பி மிளகாய் வறுத்து, கண்ணெல்லாம் எரிய எரிய இடிச்சு வித்த காசில வாங்கிற காணிக்கும் நிருவாகி, இருக்கிற இடமே தெரியாத அந்த மனுசன்தான்.

சரி, இதை எதிர்த்து வழக்குப் போடலாம் எண்டு நினைச்சு ஒரு சட்டத்தரணியிட்டப் போய்க் கேட்டன். அரசியலமைப்பில 12 ஆம் உறுப்புரையில ஆண் பெண் பாகுபாடு காட்டேலாது எண்டு எழுதியிருக்கு, அடிப்படை உரிமை மீறல் எண்டால் 126 ஆம் உறுப்புரைக்குக் கீழ ஒரு மாசத்துக்குள்ள நேரா உயர் நீதிமன்றத்துக்கே போகலாமாம், எனக்கு ஒரு நிமிசம் சந்தோசம். பிறகு அவ சொன்னா, அது நிருவாகம் செய்த பிழைக்கு மட்டும்தான், சட்டமே பிழையெண்டால் அதில கேக்கேலாது எண்டு. பாராளுமன்றம் நிறைவேத்தின சட்டம் செல்லாது எண்டு பிறகு ஒரு நீதிமன்றமும் சொல்லேலாது, 80 ஆம் உறுப்புரை. எல்லாத்துக்கும் மேல 16 ஆம் உறுப்புரை, அரசியலமைப்பு வரேக்கை ஏற்கெனவே இருந்த எழுதின, எழுதாத சட்டமெல்லாம் அடிப்படை உரிமைகளோட முரண்பட்டாலும் செல்லுபடியாகும் எண்டு எழுதி வைச்சிருக்கு. புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தில விரலை வைச்சு அவ காட்டினா. முரண்பட்டாலும் செல்லும். சமத்துவம் எண்டு நாலு உறுப்புரைக்கு முன்னால எழுதிப்போட்டு, பேந்து ஒரு வரியில அதை எங்களுக்கு இல்லாமல் செய்திருக்கினம்.

அப்ப விளங்கிச்சுது, நீதவான் நீதிமன்றத்தில இருந்து புதுக்கடை வரைக்கும் எந்தக் கட்டிடத்து நீதிபதியாலயும், எவ்வளவு நல்ல மனுசனா இருந்தாலும், எனக்கு இதில ஒண்டும் செய்யேலாது. அவையால அதிகபட்சம், மனுசன்ர இடத்தில இருந்து சம்மதம் தர ஏலும். சம்மதமே தேவையில்லை எண்டு சொல்ல ஏலாது. அதைச் செய்யக்கூடியது பாராளுமன்றம் மட்டும்தான், அதாலதான் இந்தக் கடிதம் நீதிபதியளுக்குப் போகாமல் உங்களுக்கு வருது.

உங்களால ஏலாது எண்டும் சொல்லேலாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில அரச காணி உரிமை மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்கு முதல் எண்டு 1935 இல இருந்து கிடந்ததை 2022 இல திருத்தி ஆண் பெண் சமம் எண்டு ஆக்கினனீங்கள். முஸ்லிம் சட்டத்தைத் திருத்துறதுக்கு 2009 இல நீதிபதி சலீம் மர்சூப் தலைமையில குழு போட்டு 2018 இல அறிக்கையும் வந்தது. அதில சொன்னது நடந்ததோ இல்லையோ, அந்தப் பொம்பிளையளின்ர பிரச்சினைக்கு ஒரு குழுவாவது இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது? 1981 இல பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கிற சர்வதேச உடன்படிக்கையை இந்த நாடு ஏத்துக்கொண்டு உறுதிப்படுத்தினது, இந்த 16 ஆம் உறுப்புரையை மாத்துங்கோ எண்டு அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கிற குழு ஜெனீவாவில திருப்பித் திருப்பிச் சொல்லுது, நீங்கள் ஒவ்வொரு தரமும் போய் "ஆராய்ந்து வருகிறோம்" எண்டு சொல்லிப்போட்டு வாறியள்.

ஒரு விசயத்தை இப்பவே தெளிவாச் சொல்லிவிடுறன், ஏனெண்டால் இந்தக் கடிதத்தைத் தூக்கி வேற வேலைக்குப் பாவிக்கிற ஆக்களும் இருக்கினம். 2021 இல "ஒரே நாடு ஒரே சட்டம்" எண்டு ஒரு செயலணி போட்டவை, தலைவராப் பௌத்த பிக்கு ஞானசார தேரரைப் போட்டவை, முதல் பட்டியலில ஒரு தமிழரும் இல்லை, சத்தம் வந்த பிறகுதான் சேர்த்தவை. நான் கேக்கிறது அது இல்லை. தேசவழமையை அழியுங்கோ எண்டு நான் எங்கயும் எழுதேல்லை, காணியை வெளியாளுக்கு விக்க முதல் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் கேக்கிற முன்கொள்வனவு உரிமையில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, எங்கட ஊரில சின்னச் சின்னத் துண்டாக் கிடக்கிற காணியளுக்கு அது தேவையும்கூட. எங்கட சட்டம் எங்களிட்டயே இருக்கட்டும், அதில எங்களை ஆளா மதிக்காத வரி போகட்டும். எங்கட உறுப்பினர்களே, அதை நீங்கள் செய்யாட்டில் ஒருநாள் வேற ஆரும் வந்து முழுச்சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போவினம், அப்ப நாங்கள் உங்களுக்குப் பின்னால வந்து நிப்பம் எண்டு நினைக்க வேண்டாம்.

நான் கேக்கிறதைக் கீழ எழுதுறன்.

முதலாவது, 1911 கட்டளைச் சட்டத்தின்ர 6 ஆம் பிரிவில மனுசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும் எண்ட வசனத்தை நீக்கிறதுக்கு ஒரு திருத்தச் சட்டமூலம் கொண்டுவாங்கோ, அது ஒரு பக்கச் சட்டமூலம், அமைச்சர் கொண்டுவராட்டில் வடக்கு உறுப்பினர் ஒருத்தர் தனியார் உறுப்பினர் சட்டமூலமாக் கொண்டுவரலாம், ஆர் கொண்டுவந்தாலும் மற்றவை கட்சி பாக்காமல் கை உயர்த்துங்கோ. அதே திருத்தத்தில தேடியதேட்டத்தை ரெண்டு பேரும் சேர்ந்து நிருவகிக்கிறதாவும், ஒருத்தர் மற்றவருக்குச் சொல்லாமல் விக்கேலாது எண்டும் எழுதுங்கோ. 3 ஆம் பிரிவில புருசன்ர சட்டம்தான் மனிசிக்கு எண்ட ஒழுங்கையும் எடுங்கோ.

அந்தத் திருத்தம் வரும் வரைக்கும் மாவட்ட நீதிமன்றத்தில சம்மதம் கேட்டுப் போற மனுக்களுக்கு ஒரு காலவரையறை வையுங்கோ, திறந்த மன்றில கதை சொல்ல வைக்காமல் நீதிபதியின்ர அறையில விசாரிக்கிறதுக்கு ஒழுங்கு செய்யுங்கோ, காசில்லாத பொம்பிளையளுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு மூலமா ஒரு சட்டத்தரணியைக் குடுங்கோ. காணாமற்போனவையின்ர மனிசிமாரிட்ட மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு ஒரு கந்தோரிலயும் சொல்லக்கூடாது எண்டு எழுத்தில சுற்றுநிருபம் அனுப்புங்கோ, அவையின்ர சொந்தக் காணிக்கு மனுசன்ர சம்மதம் தேவையில்லை எண்டதைத் திருத்தத்தில தனி வரியாவே போடுங்கோ.

அடுத்தது, புது அரசியலமைப்பு எண்டு ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லுறியளே, அது எப்ப வந்தாலும் அதில 16 ஆம் உறுப்புரை மாதிரி ஒரு வரி இருக்கக்கூடாது. பழைய சட்டமும் அடிப்படை உரிமைக்குக் கட்டுப்பட வேணும், பிழையெண்டால் நீதிமன்றம் அதைத் தள்ள வேணும்.

இதுகளைப் பற்றிக் கதைக்கக் குழு போடுறதெண்டால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் அஞ்சு மாவட்டத்திலயும் இருந்து வாற பொம்பிளையள் அதில பாதிக்கு மேல இருக்க வேணும், அமர்வுகள் கொழும்பில வைக்காமல் இஞ்ச வந்து தமிழில வைக்க வேணும், அறிக்கைக்கு ஒரு திகதி முதலிலயே குறிக்க வேணும். தேசவழமையும் 1911, 1947 சட்டங்களும் நல்ல தமிழில ஒரு சின்னப் புத்தகமா ஒவ்வொரு பிரதேச செயலகத்திலயும் இலவசமாக் கிடைக்க வேணும், கலியாணம் பதியேக்கையே பதிவாளர் பொம்பிளையிட்ட அதில ஒண்டைக் குடுக்க வேணும், கையெழுத்து வைச்சு இருவது வருசத்துக்குப் பிறகு நொத்தாரிஸின்ர மேசையில இருந்து அதை அறியக்கூடாது.

இந்தக் கடிதத்தின்ர பிரதி அமைச்சுக்கும், சட்ட ஆணைக்குழுவுக்கும், வடக்கு உறுப்பினர்கள் ஒவ்வொருத்தற்ற கந்தோருக்கும் பதிவுத் தபாலில போகுது. கூட்டத்தில சிரிச்சுக்கொண்டு சொல்லுற பதில் வேண்டாம். செய்வம் எண்டால் எப்ப, செய்யமாட்டம் எண்டால் ஏன், ரெண்டில ஒண்டை எழுத்தில தாங்கோ.

இப்படிக்கு,
வடமராட்சியில இருந்து ஒரு காணிக்காரி